காயலான் கடைச் சாமானுக்குக் கல்யாணக் களை!

ஒரு காலத்தில் சென்னைக்காரர்களுக்குப் பழைய சாமான் என்றால் மூர் மார்க்கெட்தான். 1985-ல் அது தீக்கு இரையாகிவிட்டது. ஆனால் பழைய சாமான் வாங்கும் ஆசை தீயில் எரிந்தா போகும்? தெருமுனைக் காயலான் கடை, வீடு காலி செய்கிறவர்களின் வாசல், இப்போது கைபேசி என்று எங்கே பார்த்தாலும், யாரோ வேண்டாமென்று ஒதுக்கிய முக்காலியும் அலமாரியும் டிரங்குப் பெட்டியும் நம்மைப் பார்த்துக் கண் சிமிட்டத்தான் செய்கின்றன!

வாங்கி வந்து ஒரு வர்ணம் தீட்டினால் போதும், புதுசு மாதிரி ஆகிவிடும் என்று நினைக்கிறோம். ஆகும்தான். எங்கள் வீட்டுக் கூடத்தில் இருப்பவற்றில் பாதி அப்படி வந்தவையே. ஆனால் எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த ஆசாரி ஒரு வார்த்தை சொல்வார்: "அம்மா, வர்ணம் அடிக்கிறது கால் வேலை. மிச்சம் முக்காலும் அதுக்கு முன்னாடிதான்!" அந்த முக்கால் வேலையைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன். அழகு மட்டுமல்ல, வீட்டுக் குழந்தைகளின் உடம்பும் அதில்தான் இருக்கிறது.

வாங்கும் முன் ஒரு நிமிஷம்

கடையில் பொருளைப் பார்த்ததும் விலை கேட்காதீர்கள். முதலில் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கால் ஆடினால் பரவாயில்லை, ஆசாரி ஒரு ஆப்பு வைத்துச் சரிசெய்துவிடுவார். தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். குண்டூசித் துளை போலச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கின்றனவா? தட்டினால் மாவு மாதிரி உதிர்கிறதா? அப்படியானால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. உளுத்த மரத்தின் மேல் எத்தனை கோட் அடித்தாலும் வீண். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை தண்ணீரில் ஊறி உப்பியிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். உப்பியது பழையபடி அமுங்காது.

மூட்டைப்பூச்சியை மறக்கக் கூடாது. நாற்காலியின் இடுக்குகளிலும் பிரம்பு பின்னலிலும் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது மூட்டைப்பூச்சியின் வேலை. "நல்ல விலைக்கு வந்ததே" என்று தூக்கி வந்துவிட்டால் பிறகு வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது!

எதற்கு வர்ணம் வேண்டாம்?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பர்மாத் தேக்குச் சாமான்களும் பீங்கான் பூச்சுப் பாத்திரங்களும் அங்கே எப்படி அடுக்கி வைத்திருக்கிறார்கள்! அந்த மாதிரித் தேக்கின் மேலும், ஈட்டி மரத்தின் மேலும் பச்சை, நீலம் என்று அடிப்பது பட்டுப் புடவைக்கு மேல் நைலான் சேலை சுற்றுகிற மாதிரி. மரத்தின் ரேகைதான் அதற்கு அழகு. சுத்தம் செய்து அரக்குப் பாலிஷோ, மெழுகோ போட்டால் போதும். ஆளி விதை எண்ணெய் தடவுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் கொடியில் காயப் போட்டுவிட்டுப் பிறகு எறியுங்கள்.

பித்தளை, செம்புக்கும் வர்ணம் வேண்டாம். புளி போட்டுத் தேய்த்தாலே அவை பளிச்சிடும். சாப்பாட்டுப் பொருள் படுகிற எதற்கும் உட்புறம் பெயிண்ட் கூடாது. அஞ்சறைப் பெட்டியானாலும் சரி, பழத் தட்டானாலும் சரி.

மாமரம், பிளைவுட் போன்றவற்றில் செய்த முக்காலி, ஸ்டூல், அலமாரி, கண்ணாடிச் சட்டம், இரும்பு டிரங்குப் பெட்டி, மடக்கு நாற்காலி ஆகியவைதான் வர்ணத்துக்கு ஏற்றவை.

அடியில் இருக்கும் வர்ணம்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர் பரணிலிருந்து ஒரு நடைவண்டியை இறக்கி எடுத்துக்கொண்டு வந்தார். மஞ்சளும் சிவப்புமாக அடித்த மர நடைவண்டி. அங்கங்கே வர்ணம் செதில் செதிலாக உரிந்திருந்தது.

"என் பையன் இதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடை பழகினான்மா. இப்ப பேத்திக்கு வயசு ஒண்ணாகப் போகுது. சுரண்டிட்டு உன் கையால ரெண்டு கோட் அடிச்சுக் கொடேன்" என்றார்.

எனக்கு மனசே வரவில்லை. ஆனாலும், "பெரியம்மா, இதைப் பேத்திக்கு மட்டும் கொடுக்காதீங்க" என்றுதான் சொன்னேன்.

காரணம் ஈயம். ஈயம் என்றதும் பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். அது வெள்ளீயம். நான் சொல்வது காரீயம். வர்ணம் பளிச்சென்று இருக்கவும், சீக்கிரம் காயவும், ஈரத்துக்குத் தாங்கவும் முன்பெல்லாம் எனாமல் பெயிண்டில் காரீயக் கலவையைச் சேர்ப்பது வழக்கம். அடர்ந்த மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு வர்ணங்களில் இது அதிகமாக இருக்கும். அமெரிக்காவில் வீட்டு உபயோகப் பெயிண்டில் 1978-லேயே இதற்குத் தடை வந்துவிட்டது. நம் நாட்டில் 2016-ல் விதி போட்டு, 2017 நவம்பர் 1 முதல்தான் வீட்டு உபயோகப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது என்பது அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த வர்ணத்தில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்த்தும் சொல்ல முடியாது, முகர்ந்து பார்த்தும் சொல்ல முடியாது. பரிசோதனைச் சாலையில்தான் தெரியும். ஆகவே, பழைய வர்ணம் எல்லாவற்றிலும் காரீயம் உண்டு என்று வைத்துக்கொண்டு நடப்பதே புத்திசாலித்தனம்.

குழந்தைக்கு இதில் என்ன கெடுதல்? பல் முளைக்கும் வயசில் கைக்கு எட்டியதை எல்லாம் கடிக்கும். காரீயம் கலந்த பெயிண்டுக்கு லேசான தித்திப்பு வேறு உண்டு! வாய்க்குள் போன காரீயத்தைப் பெரியவர்கள் உடம்பைவிடக் குழந்தையின் உடம்பு நாலைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவ்வளவு வரை போனால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்பதும் அதே நிறுவனத்தின் கருத்து. வளரும் மூளையைத்தான் அது முதலில் தாக்கும். படிப்பில் மந்தம், கவனக் குறைவு, ரத்தசோகை எல்லாம் இதனால் வரலாம். காய்ச்சல், வாந்தி என்று உடனே ஒன்றும் தெரியாது என்பதால் பெற்றோருக்குச் சந்தேகமே வருவதில்லை. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த குழந்தையின் உடம்பில் இன்னும் அதிகமாக ஏறும். கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. தாயின் எலும்பில் தங்கிய காரீயம் கர்ப்ப காலத்தில் கரைந்து ரத்தம் வழியாகச் சிசுவுக்குப் போகும். குழந்தை பழைய பெயிண்டைக் கடித்துத் தின்றது என்று தெரிந்தால் டாக்டரிடம் சொல்லி, ரத்தத்தில் காரீயம் இருக்கிறதா என்று பரிசோதித்துவிடுவது நல்லது.

பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "அப்ப எம் பையன் கடிச்சானே..." என்றார் மெல்ல. "அன்னிக்கு யாருக்குமே தெரியாது, பெரியம்மா. இன்னிக்குத் தெரியுது, அவ்வளவுதான்" என்றேன். பேத்திக்கு, வர்ணமே பூசாத புது நடைவண்டி ஒன்றை ஆசாரியிடம் செய்து வாங்கினார்கள். பழசை என்ன செய்தோம் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஆக, ஒரு விதியாக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை கடிக்கிற, பிடிக்கிற சாமான்களை, அதாவது தொட்டில், நடைவண்டி, பொம்மை, குட்டி நாற்காலி போன்றவற்றை, பழைய பெயிண்டோடு வாங்காதீர்கள். இனாமாக வந்தாலும் வேண்டாம்.

பழைய பெயிண்டை எப்படிக் கையாள்வது?

பெரியவர்கள் உபயோகிக்கிற சாமானில் பழைய வர்ணம் உறுதியாக ஒட்டியிருந்தால் அதைச் சுரண்டவே வேண்டாம். அழுக்கு நீக்கி, மேலே புது வர்ணம் அடித்து மூடிவிடலாம். உரிகிற இடத்தை மட்டும் ஈரமாகத் தேய்த்து எடுக்க வேண்டும்.

உலர்ந்த உப்புத்தாளால் தேய்ப்பதுதான் பெரிய ஆபத்து. பறக்கிற தூசி மூக்கிலும் போகும், தரையிலும் படியும். தவழும் குழந்தை அதைக் கையோடு வாயில் வைத்துக்கொள்ளும். பெயிண்டர்கள் 'வாட்டர் பேப்பர்' என்று சொல்கிற கறுப்புத் தாளை வாங்கித் தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்த்தால் தூசி எழும்பாது. இன்னும் சில எச்சரிக்கைகள்:

* வேலையை வீட்டுக்கு வெளியே, பழைய பிளாஸ்டிக் விரிப்பின் மேல் செய்யுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் வரக் கூடாது.

* முந்தானையை மூக்கில் சுற்றிக்கொள்வது போதாது. என்-95 முகக்கவசமும் கையுறையும் வேண்டும்.

* தீயைக் காட்டி, சூடேற்றிப் பெயிண்டை உரிக்கவே கூடாது. காரீயப் புகை தூசியைவிடக் கெடுதல்.

* முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். வழித்த குழம்பைச் செய்தித்தாளில் சுருட்டிப் பையில் கட்டிவிடுங்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள்.

* கட்டியிருந்த துணியைத் தனியாகத் துவைத்து, சோப்பால் கை கழுவிய பிறகே அடுப்படிக்குப் போங்கள்.

இரும்புச் சாமானில் மேல் வர்ணத்துக்கு அடியில் பளீரென்ற ஆரஞ்சுச் சிவப்புப் பூச்சு தெரிந்தால் அது காரீயச் சிவப்பாக இருக்கலாம். அதற்கும் இதே ஜாக்கிரதைதான்.

இனி வர்ணம் தீட்டலாம்

முதலில் எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும். அரை வாளி வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேஜைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து, துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் ஒரு துடைப்பு. நிழலில் இரண்டு நாள் காயட்டும். ஈர மரத்தில் பெயிண்ட் நிற்காது, கொப்புளிக்கும்.

ஆணி ஓட்டை, விரிசல்களை மரத்தூளில் பசை கலந்து அடைத்துவிடலாம். ஆசாரிகளின் கைவைத்தியம் இது. காய்ந்ததும் சமமாகத் தேய்த்துவிடுங்கள். அடுத்து பிரைமர். மரத்துக்கு உட் பிரைமர், இரும்புக்குத் துரு நீக்கிய பின் ரெட் ஆக்சைடு. ரெட் ஆக்சைடு இரும்பின் ஆக்சைடுதான், காரீயம் அல்ல. "பிரைமர் எதுக்கு, இன்னொரு கோட் கலரே அடிச்சுடலாமே" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். காதில் வாங்காதீர்கள்! பிரைமர் இல்லாத பெயிண்ட் ஒரு மழைக்காலத்தில் தோலுரிந்துவிடும்.

ஒரு முக்காலிக்கு 200 மில்லி டப்பா ஒன்று தாராளம். கடையில் டப்பாவைத் திருப்பி, காரீயம் 90 பங்குக்கு மேல் இல்லை என்ற வாசகமும் தயாரித்த மாதமும் வருஷமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எழுத்தே இல்லாத டப்பாவும், மூலையில் கிடக்கும் பழைய ஸ்டாக்கும் வேண்டாம். தண்ணீரில் கரையும் எனாமல் இப்போது கிடைக்கிறது. வாடை குறைவு, தூரிகையைத் தண்ணீரிலேயே கழுவிவிடலாம்.

டப்பாவைக் குலுக்காமல் குச்சியால் அடியிலிருந்து கலக்குங்கள். ஒன்றரை அங்குலத் தூரிகையில் பாதி மயிர் வரை மட்டும் தோய்த்து, மரத்தின் ரேகை ஓடுகிற பக்கமாகவே இழுங்கள். தடித்த ஒரு கோட்டைவிட மெல்லிய இரண்டு கோட் மேல். நடுவில் ஓர் இரவு இடைவெளி விடுங்கள். தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே இறுக நாளாகும். ஒரு வாரம் கனமான எதையும் மேலே வைக்காதீர்கள், அச்சு விழுந்துவிடும்.

நாள் பார்க்க வேண்டும்! ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெயிண்ட் காயாமல் பிசுபிசுக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் மேல்தோல் மட்டும் காய்ந்து குமிழி விடும். தை முதல் பங்குனி வரை காலை நேரம், நிழலும் காற்றும் உள்ள இடம், இதுதான் சரி. கையில் ஒட்டிய பெயிண்டுக்கு டர்பன்டைன் போட்டுத் தோலைக் கெடுத்துக்கொள்ளாமல், தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துச் சோப்புப் போடுங்கள்.

எந்த வர்ணம் அடிக்கலாம் என்று பலரும் கேட்கிறார்கள். கூடத்தில் ஏற்கெனவே உள்ள திரையிலோ, பாயிலோ இருக்கும் நிறம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சாமானுக்கு ஒரு நிறம், கைப்பிடிக்கு மட்டும் இன்னொன்று. அதற்கு மேல் போனால் திருவிழா ராட்டினம் மாதிரி ஆகிவிடும்!

பெரியம்மாவின் நடைவண்டி? உரிந்த இடங்களை ஈரமாகத் தேய்த்து, பிரைமரும் இரண்டு கோட் அரக்குச் சிவப்பும் அடித்து மூடிவிட்டோம். நவராத்திரிக் கொலுவில், பேத்தி கைக்கு எட்டாத மேல் படியில் மரப்பாச்சியை ஏற்றிக்கொண்டு அது நின்றது. மற்ற நாளில் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிறது.

இன்னும் ஒரே ஒரு வார்த்தை. இதெல்லாம் எனக்கு வேண்டாம் என்று பழைய பெயிண்ட் அடித்த மரத்தைப் போகிக்கு எரிக்காதீர்கள், வெந்நீர் அடுப்பிலும் வைக்காதீர்கள். புகையும் சாம்பலும் நம் வீட்டுக் குழந்தைக்கு மட்டுமல்ல, தெருவில் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் போய்ச் சேரும். அந்தச் சாம்பலால் பாத்திரம் தேய்ப்பவர்களும் உண்டே!