கோடைக் கடைசியில் அழகுச் செடிகளுக்கு வரும் பூச்சிகளும் நோய்களும்

வீட்டு முற்றத்திலும் பள்ளிக்கூடத்துத் திண்ணையோரத்திலும் சங்கக் கட்டடத்தின் முன்பும் பூஞ்செடி வைத்து வளர்ப்பது வெறும் ஆடம்பரம் என்று எண்ணுவோர் உண்டு. செடிக்கு நோய் வந்தால் வரட்டும், பயிருக்கு வராதிருந்தால் போதும் என்பது அவர்கள் வாதம். பிளவக்கல் அணைகளின் தண்ணீரை நம்பி வாழும் நமது ஊர்களில் இந்த வாதம் செல்லாது. செம்பருத்தியும் பருத்தியும் வெண்டையும் ஒரே குடும்பத்துச் செடிகள். வயலில் பருத்தி இல்லாத மாதங்களில் பருத்தியின் மாவுப்பூச்சி வேலியோரத்துச் செம்பருத்தியில் குடியிருந்து, விதைப்புக்குப் பின் மறுபடி வயலில் இறங்குகிறது. 2005க்குப் பின் சில ஆண்டுகள் குஜராத்திலும் பஞ்சாபிலும் பருத்தி விவசாயிகளுக்குப் பெருநஷ்டம் விளைவித்தது இந்தப் பூச்சியே. ஆகையால் முற்றத்துச் செடியைக் கவனிப்பது வயலைக் கவனிப்பதில் ஒரு பகுதியாகும்.

ஆனி, ஆடி மாதங்களில் மலைக்கு மேற்கே மழை பொழியும்போது, கிழக்கு அடிவாரத்திலுள்ள வத்திராயிருப்பு, கூமாப்பட்டி முதலிய ஊர்களுக்குப் பெரும்பாலும் வறண்ட காற்றும் புழுதியுமே கிடைக்கின்றன. கோடை வெயிலில் ஏற்கெனவே வாடிய செடிகளின் மேல் இந்தப் புழுதி படிகிறது. சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சிகளுக்கு இதைவிட அனுகூலமான காலம் வேறில்லை. இந்நாட்களில் இலை பழுத்தால் தண்ணீர்க் குறைவென்று குடம் குடமாக ஊற்றுகிறவர்களும், எல்லாவற்றிற்கும் ஒரே மருந்தைத் தெளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். வந்திருப்பது இன்னதென்று தெரிந்துகொண்ட பிறகே கை நீள வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டிய இடம் இலையின் அடிப்புறம். ரோஜா, காகிதப்பூ, குரோட்டன்ஸ் இவற்றின் இலை மேற்புறத்தில் ஊசியால் குத்தினாற்போல் வெளிறிய புள்ளிகள் தோன்றி, பின் இலை முழுதும் பித்தளை நிறமடைந்தால் சிவப்புச் சிலந்தியைச் சந்தேகிக்கலாம். ஒரு வெள்ளைக் காகிதத்தின் மேல் கிளையைத் தட்டிப் பாருங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் அது தூசியன்று. எட்டுக் கால்களையுடைய இந்த ஜந்து பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. ஆதலால் பூச்சிமருந்துகள் பல இதைக் கொல்வதில்லை. இதைத் தின்று வாழும் வேறு சிலந்திகளை அவை கொன்றுவிடுவதால், மருந்து தெளித்த பிறகு தொல்லை பெருகுவதும் உண்டு. இலையின் அடிப்புறத்தில் படும்படி சில நாட்கள் காலையில் தண்ணீரை வேகமாகப் பீச்சியடித்தால் புழுதியும் போகும், சிலந்தியும் பெருமளவு குறையும். அதே காகிதத்தில் மெல்லிய, நீண்ட, மஞ்சள் நிறப் பூச்சிகள் ஓடினால் அவை இலைப்பேன்கள். மிளகாயில் இலையைச் சுருட்டும் அதே இலைப்பேன் ரோஜாவின் கொழுந்தையும் மொட்டையும் கெடுக்கிறது.

அடுத்தபடியாக இலையைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பாயிருந்தால் மேலேயுள்ள கிளையில் அசுவினியோ, மாவுப்பூச்சியோ, செதிற்பூச்சியோ, வெள்ளை ஈயோ இருக்கின்றது என்று அறியலாம். இவை உறிஞ்சிய சாற்றில் மிகுந்த சர்க்கரையைத் தேன் போலக் கழிக்கின்றன. அந்தத் தேனுக்காக எறும்பு வருகிறது. அதன்மேல் கரும்பூசணம் படர்கிறது. இலை கறுத்துவிட்டதே என்று பூசண மருந்து வாங்குவது வீண்செலவு. ஈரத்துணியால் துடைத்தால் கறுப்பு நீங்கிப் பச்சை தெரியும். ரோஜாவில் வரும் கரும்புள்ளி நோயோ துடைத்தால் போகாது. அதன் ஓரங்கள் சிலும்பியிருக்கும், புள்ளியைச் சுற்றிலும் இலை மஞ்சளாகும்.

அரளிக் கொழுந்தில் பளிச்சென்ற மஞ்சள் உடலும் கறுத்த கால்களுமாய் அடைந்திருப்பவை அசுவினிகள். எருக்கிலும் இவற்றைக் காணலாம். இவை யாவும் பெண்களே. ஆணின்றியே குட்டி போட்டுப் பெருகுவதால் ஒரு வாரத்தில் கொழுந்தை மூடிவிடுகின்றன. கொழுந்தைக் கிள்ளியெறிந்தால் போதுமானது. அரளியிலும் நந்தியாவட்டையிலும் இலைகளே காணாமற்போய், அடியில் உருண்டையான பெரிய எச்சம் கிடந்தால், விரல் பருமனுள்ள பச்சைப் புழுவைத் தேடுங்கள். தலைக்குப் பின்னே நீலமும் வெண்மையுமான இரண்டு கண் போன்ற குறிகளும், வாலில் ஒரு கொம்பும் உண்டு. பார்க்கப் பயங்கரமாயினும் கொட்டாது. பிள்ளைகள் அதை அஞ்சிக் கல்லால் அடிக்கிறார்கள். குச்சியில் ஏற்றி அப்பால் எருக்கங்காட்டில் விட்டாலே செடி தப்பும்.

மாவுப்பூச்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். இதன் உடலை மூடிய மெழுகுப் பொடியில் மருந்து ஒட்டுவதில்லை. பருத்தி மாவுப்பூச்சியின் முதுகில் கறுத்த குறிகள் இரண்டு வரிசையாகத் தெரியும். பப்பாளி மாவுப்பூச்சி மஞ்சள் நிறமாய், பஞ்சு போன்ற முட்டைப்பையுடன் காணப்படும். பின்னது 2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் முதன்முதல் கண்டறியப்பட்டுப் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி, ஈழத்தலரி என்று பேதமின்றிப் பரவியது. மருந்துகள் பலிக்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகைச் சிறு குளவிகள் தருவிக்கப்பட்டு, பெங்களூரில் பெருக்கப்பட்டு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாகவும் வயல்களில் விடப்பட்டன. கடுகினும் சிறிய அக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடுகிறது. மருந்துக்கு அடங்காதது இந்தக் குளவிக்கு அடங்கியது.

இங்கேதான் அடையாளம் தெரியாமையால் பெருங்கேடு நேருகிறது. மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே, அவற்றிலும் பெரிதாய், நீண்ட வெள்ளை மெழுகு இழைகள் தொங்க, விரைந்து நடமாடும் ஒன்றைக் காண்பீர்கள். ‘தாய்ப்பூச்சி’ என்று அதை முதலில் நசுக்குவது வழக்கமாயிருக்கிறது. அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழுவாகும். 1898ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து நம் நாட்டிற்கு வரவழைக்கப்பட்ட இனம் அது. மாவுப்பூச்சி மெதுவாக நகரும், இது ஓடும். இந்த ஒரு வித்தியாசத்தை வீட்டிலுள்ள பெண்டு பிள்ளைகளுக்கும் காட்டிவைப்பது சிலாக்கியம்.

வெள்ளையாய்த் தோன்றுவதெல்லாம் பகையன்று என்பதற்கு நம் சீமையிலேயே மற்றோர் உதாரணமும் உண்டு. சப்பாத்திக்கள்ளி நிலங்களை அடைத்துக்கொண்டிருந்த காலத்தில், 1926ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து தருவிக்கப்பட்ட வெண்பஞ்சு போர்த்த பூச்சியே தென்னாட்டில் அதை அழித்தது.

தென்னையிலும் அழகுப் பனைகளிலும் ஓலையின் அடியில் வெள்ளை மெழுகு வட்டம் வட்டமாகக் காணப்படுவது சுருள் வெள்ளை ஈ. இதில் 2016இல் பொள்ளாச்சிப் பக்கத்தில் கண்டறியப்பட்ட இனம் இராஜபாளையம் தோப்புகளுக்குப் புதிதன்று. ஓலையிலுள்ள கூட்டுப்புழுக்களிற் சில கறுத்திருந்தால் மகிழ்ச்சியடையலாம். குளவி உள்ளே புகுந்துவிட்டது என்பதே அதன் பொருள். அந்த ஓலைகளை வெட்டி எரிக்கலாகாது.

நோய்களில் ஈழத்தலரியின் துரு நோயை அறிவது எளிது. மேலே மஞ்சட்புள்ளி, அடியில் விரலில் ஒட்டும் செம்மஞ்சள் பொடி. ஆடிக் கடைசியில் ஒரு சாரல் விழுந்தால் பரவும். உதிர்ந்த இலைகளைப் பெருக்கி எரித்துவிடுதலே முக்கியம். இட்லிப்பூச் செடியில் நரம்பு பச்சையாயிருக்க இடையிலுள்ள பாகம் வெளுத்தால் அது பூச்சியுமன்று, தொற்றுநோயுமன்று. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து வேருக்கு எட்டாத குறை. சுவரோரத்தில் கட்டட வேலைச் சுண்ணாம்பும் சிமெண்டும் கொட்டிய இடங்களில் நட்ட செடிகளில் இதை மிகுதியாகக் காணலாம்.

எறும்புகள் ஏறாவண்ணம் தண்டில் பிசுக்குத் துணி சுற்றிவிட்டால் பொறிவண்டுகளும் குளவிகளும் தடையின்றி வேலை செய்யும். அதற்கும் மேற்பட்டால், லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மீன் எண்ணெய் ரோஸின் சோப்பைக் கரைத்துத் தெளிக்கலாம். அல்லது 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து லிட்டர் தண்ணீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கலந்து மாலை நேரத்தில் அடிக்கலாம். வேப்பம்பழம் உதிர்வதும் இதே ஆனி ஆடியில்தான். நம் மக்கள் அந்த முத்தைப் பொறுக்கி மூட்டையாக விற்றுவிட்டு, அதன் எண்ணெயைப் புட்டியில் விலைகொடுத்து வாங்குவதைச் சங்கக் கணக்குகளில் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன.

விஷமருந்து வாங்கியே தீரவேண்டுமாயின் புட்டியிலுள்ள முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு அதிக விஷம், அடுத்தது மஞ்சள், பின் நீலம், கடைசி பச்சை. பிள்ளைகள் விளையாடும் முற்றத்திலும், அணைக்கு வேடிக்கை பார்க்க வருவோர் பூப்பறிக்கும் இடத்திலும் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் வேலையில்லை. 2025ஆம் ஆண்டில் கூமாப்பட்டியின் பெயர் நாடெங்கும் பரவியபின் வருவோர் தொகை பெருகியதை எல்லோரும் அறிவர். தெளிப்பான் கழுவிய தண்ணீரை வாய்க்காலில் விடுவது எவ்வாற்றானும் கூடாது.

இன்ன பூச்சியென்று நிச்சயிக்க முடியாவிடில், பூச்சியுடன் கூடிய சிறு கிளையொன்றை ஒடித்துப் பழைய காகிதத்தில் சுற்றி (பாலித்தீன் பையில் வைத்தால் வியர்த்து அழுகிவிடும்) அன்றே வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திற்கோ, செம்பருத்தியாயின் ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையத்திற்கோ எடுத்துச் சென்று காட்டலாம். கிளையில் எறும்பிருந்தால் அதையும் உதறாமல் கொண்டுபோவது நலம்.