கூரைக்கு எந்த நிறம்?

சித்திரை மாதத்து இரவில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் அமர்ந்து தேர்வுக்குப் படித்தவர்கள் அறிவர். மின்விசிறி சுழலச் சுழல அனற்காற்றே இறங்கும். கதிரவன் மறைந்தபின் இவ்வெப்பம் எங்கிருந்து வருகிறது? பகல் முழுதும் கான்கிரீட் தளம் வாங்கி வைத்திருந்ததே இரவில் கீழிறங்குகிறது. தடித்த தளம் மெல்லச் சூடேறி மெல்லவே ஆறும்.

எவ்வளவு வாங்கும் என்பதைப் பெரிதும் முடிவு செய்வது நிறமே. தூய வெண்கூரை வெயிலில் சுமார் 80 விழுக்காட்டைத் திருப்பிவிடும். சாம்பல் நிறக் கூரை 20 விழுக்காட்டையே திருப்பும். கோடைப் பிற்பகலில் இவ்விரண்டின் மேற்பரப்புக்கும் இடையே 30 டிகிரி செல்சியஸ் வரை வேறுபாடு காணலாம். பளபளக்கும் தகரம் குளிர்ந்திருக்கும் என எண்ண வேண்டா. அது ஒளியைத் திருப்பினாலும், ஏற்ற வெப்பத்தை எளிதில் வெளிவிடாது. வெள்ளைப் பூச்சோ இரண்டையும் செய்யும்.

பனி பெய்யும் நாடுகளில் கருங்கூரைக்கு நியாயமுண்டு. நம் நாட்டு மாநிலமான தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது.

எளியவர்க்குச் சுண்ணாம்பே போதும். ஆனால் ஐப்பசி மழையில் அது கரையும். தூசியும் பாசியும் படிந்தால் பயன் குறையும். ஆகவே பங்குனிக்குள் தளத்தைக் கழுவி மீண்டும் அடிக்க வேண்டும். வாடகை வீடாயின் அந்தச் செலவு யாருடையது என்பதில்தான் வழக்கு!