மருந்து மீனுக்கு, மிச்சம் நமக்கு

வாவலும் வஞ்சிரமும் கைக்கெட்டாத விலைக்குப் போய்விட்ட மும்பையில், தாராவி, செம்பூர் பக்கத்துச் சந்தைகளில் கடல் மீனுக்கு அருகிலேயே குளத்து மீனும் இடம்பிடித்துவிட்டது. ஆந்திராவிலிருந்து ஐஸ் போட்டு வரும் ரோகுவும் கட்லாவும், ஓட்டல்களில் பாசா என்ற பெயரில் முள் நீக்கிப் பரிமாறப்படும் கெளுத்தி இனமும் பண்ணையில் வளர்பவை. நெருக்கமாக வளரும் எந்த உயிரிடமும் நோய் சீக்கிரம் பரவும். ஏரோமோனாஸ் பாக்டீரியா மீனின் உடம்பில் ரத்தப் புண்களை உண்டாக்கும். ஃபிளேவோபாக்டீரியம் செவுளை அரிக்கும். மீன் செத்து மிதக்க ஆரம்பித்தால் பண்ணைக்காரருக்குச் சட்டென்று கைக்குக் கிடைப்பது ஆன்டிபயாட்டிக். தவிட்டிலும் புண்ணாக்கிலும் கலந்து போட வேண்டியதுதான். மருந்தில் ஒரு பங்கை மீன் தின்னும், மீதி தண்ணீரில் கரையும். பிடிப்பதற்கு முன் போதிய நாள் விடாவிட்டால் எச்சம் சதையோடு சந்தைக்கு வரும். சந்தையில் சோதனையைக் கூட்டுவது இதற்குப் பாதித் தீர்வு. மீதிப் பாதி, குளத்தில் நோயே வராமல் பார்த்துக்கொள்வது. நம் ஊர்ப் பண்ணைகளுக்கு அதில் பொருந்தக்கூடியது தீவனத்தோடு ஊட்டும் தடுப்பு மருந்து, அதிலும் செடியில் விளைவித்த மருந்து என்பதுதான் என் வாதம்.

வாங்கிச் சாப்பிடுபவரின் உரிமை காகிதத்தில் வலுவாகவே இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 21-ஆம் பிரிவில், வரம்புக்கு மேல் ஆன்டிபயாட்டிக் எச்சம் உணவில் இருக்கவே கூடாது என்கிறது. வேறு மருந்து பலிக்காத நோயாளிகளுக்கென்று மருத்துவர்கள் ஒதுக்கிவைக்கும் கொலிஸ்டினைக் கோழிக்கும் மீனுக்கும் என்று தயாரித்து விற்பதை மத்திய அரசு 2019-இல் தடைசெய்தது. உணவுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி, நீங்களே உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கலாம். குறை இருப்பது தெரிந்தால் கட்டணம் திரும்ப வரும். அரைக் கிலோ ரோகுவுக்கு இதை யார் செய்வார்கள்? அறிக்கைக்குச் சட்டம் தரும் கெடு 14 நாள். அதற்குள் குழம்பு வைத்துச் சாப்பிட்டு மறந்திருப்போம். கொதிக்க வைத்தால் எல்லாம் போய்விடும் என்ற நம்பிக்கையும் பலிக்காது. நைட்ரோஃபியூரான் மருந்துகளின் எச்சம் சமையல் சூட்டைத் தாங்கி நிற்கும். ஐரோப்பாவுக்குப் போகும் இந்தியப் பண்ணை இறாலில் பாதிச் சரக்கைச் சோதித்தாக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் விதித்தது. உள்ளூர் வாய்க்கு அந்தக் காவல் கிடையாது.

நோயைத் தடுத்தால் மருந்து குறையும் என்பதற்கு நார்வே சாட்சி. 1987-இல் அந்நாட்டுச் சால்மன் பண்ணைகளில் ஏறக்குறைய 50 டன் ஆன்டிபயாட்டிக் செலவானது. தடுப்பூசி பரவிய பிறகு, மீன் உற்பத்தி பல மடங்கு பெருகி 10 லட்சம் டன்னைத் தாண்டியும், மருந்து ஒரு டன்னுக்கும் கீழே இறங்கியது. ஆனால் அங்கே ஒவ்வொரு குஞ்சையும் மயக்கி, வயிற்றில் ஊசி போடுகிறார்கள். சால்மன் விற்கும் விலைக்கு அது கட்டுப்படியாகும், ரோகுவுக்கு ஆகாது. இந்தியாவிலும் முயற்சிகள் இருக்கின்றன. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் கொடுவாவுக்கு 'நோடாவாக்-ஆர்' தடுப்பூசியை உருவாக்கியது. மும்பையிலேயே, வெர்சோவாவில் இருக்கும் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம், நன்னீர் மீன்களைத் தாக்கும் இரண்டு பாக்டீரியா நோய்களுக்கான தடுப்பு மருந்துத் தொழில்நுட்பத்தை ஐதராபாத்தின் இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ் நிறுவனத்துக்குத் தந்திருக்கிறது. இவற்றை ஆயிரக்கணக்கான மீன் நீந்தும் குளத்தில் ஒவ்வொன்றுக்கும் எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பதுதான் சிக்கல்.

செடி இங்கேதான் வருகிறது. கிருமியின் ஒரு புரதத்தை மட்டும் புகையிலை இனச் செடியிலோ கீரையிலோ பாசியிலோ உண்டாக்கி, உலர்த்தி, தீவனத்தில் சேர்க்கலாம். செடியின் செல் சுவர் அந்தப் புரதத்தை மூடிக் காத்து, நோய் எதிர்ப்பு தூண்டப்படும் பின்குடல் வரை கொண்டுபோகும். ரோகு, கட்லா வகை மீன்களுக்கு இரைப்பையே கிடையாது. அமிலத்தில் புரதம் அழியும் தொல்லை அவற்றில் குறைவு. இன்னும் இது ஆய்வுக்கூடத்து நம்பிக்கைதான், சந்தைப் பொருள் அல்ல. இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மைய ஆய்வாளர்கள் செடியில் செய்த, மீனைத் தாக்கும் நோடா வைரஸைப் போன்ற துகள்கள் மீனை அந்த நோயிலிருந்து காப்பாற்றியதாக 2019-இல் வெளியிட்டார்கள். அதையும் அவர்கள் ஊசியாகத்தான் செலுத்தினார்கள். தீவனம் வழியாகக் கொடுக்கும்போது பெரிய மீன் நிறையத் தின்னும், சின்னது பட்டினி கிடக்கும், அளவு மாறும். அடிக்கடி ஊட்டினால் உடம்பு அந்தப் புரதத்தைச் சாதாரண உணவாக எண்ணி எதிர்ப்பைக் கைவிடவும் கூடும். தீவன உருண்டை செய்யும் சூட்டில் புரதம் கெடும் என்பதால் மேலே எண்ணெயோடு பூச வேண்டியிருக்கும். இவற்றுக்கெல்லாம் நம் குளங்களிலேயே சோதனை நடந்தாக வேண்டும்.

மரபணு மாற்றிய செடி என்றதும் எழும் பயத்தை அறியாமை என்று ஒதுக்குவது சரியல்ல. பி.டி. கத்தரிக்காய் 2010-இல் நிறுத்தப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். ஆனால் இங்கே மாற்றப்படுவது மீன் அல்ல. செடியையும் மூடிய கண்ணாடிக் கூடத்தில் வளர்க்கலாம், வயலுக்கு வர வேண்டியதில்லை. கிருமிப் புரதத்தை மீன் செரித்துவிடும். மிஞ்சினாலும் அடுப்புச் சூட்டில் சிதையும். ஒப்பிட வேண்டியது மருந்தே படாத மீனோடு அல்ல, ஆன்டிபயாட்டிக் தின்ற மீனோடு. அதற்காக அனுமதியைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கச் சொல்லவில்லை: மரபணு மாற்றம் குறித்த 1989 விதிகளின்படி மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு பார்க்கும் சோதனைத் தரவுகள் மக்களுக்கும் வெளியாக வேண்டும். தடுப்பு மருந்து அழுக்குத் தண்ணீருக்கும் அளவு மீறிய நெருக்கத்துக்கும் முட்டுக்கொடுக்கும் என்ற எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. ஒரு மருந்து ஒரு கிருமியைத்தான் தடுக்கும். குளம் நாறினால் வேறொன்று வரும். இறால் பிரியர்களுக்கும் இதில் ஆறுதல் இல்லை, இறாலுக்கு நம்மைப் போல எதிர்ப்பொருள் உண்டாக்கும் உடலமைப்பே கிடையாது. மீனே தொடாத மாட்டுங்கா வீட்டுக்காரர் இது தனக்கில்லை என்று நினைக்கலாம். குளத்தில் கொட்டும் ஆன்டிபயாட்டிக்குக்குப் பழகி, மருந்துக்கு அடங்காமல் போகும் பாக்டீரியா சைவமா அசைவமா என்று விசாரித்துவிட்டுத் தொற்றுவதில்லை.

அந்தத் தடுப்பு மருந்து வரும் வரை உணவுச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு வாசகம் கைகொடுக்கும். 26-ஆம் பிரிவின்படி, எந்த மொத்த வியாபாரியும் சில்லறை விற்பவருக்குத் தரத்துக்கான எழுத்து உத்தரவாதம் தந்தாக வேண்டும். கொடுக்கும் பில்லே அந்த உத்தரவாதமாகக் கருதப்படும். பாக்கெட்டில் வரும் பாசாவில் உரிம எண்ணும் தொகுதி எண்ணும் இருப்பதால் புகார் எளிது: ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியிலோ, தாராவிக்கு அடுத்திருக்கும் பாந்த்ரா-குர்லா வளாகத்தில் உள்ள மாநில உணவு, மருந்து நிர்வாக அலுவலகத்திலோ கொடுக்கலாம். கூடையில் விற்கும் ரோகுவுக்குச் சீட்டு எதுவும் இல்லை. அங்கே புகார் எழுந்தால் முதலில் மாட்டுவது கூடைக்காரப் பெண்; குளத்தில் மருந்தைக் கொட்டியவர் கணக்கிலேயே வரமாட்டார். அதனால் அதிகாரியிடம் கேட்க வேண்டியது கூடையைப் பறிமுதல் செய்வதை அல்ல, எந்த மொத்த வியாபாரி, எந்தப் பண்ணை என்று பின்னோக்கித் தேடுவதை. மொத்தச் சந்தையில் சரக்கெடுக்கும் அந்தப் பெண்கள் தேதியும் ஊரும் எழுதிய பில்லைக் கேட்டு வாங்கி வைத்திருந்தால் அந்தத் தேடல் தொடங்க ஒரு முனையாவது கிடைக்கும்.