ஆட்டத்தின் நடுவே நின்றுபோகும் கம்ப்யூட்டர்

நம் சங்கக் குடும்பங்களில் பேரன் பேத்திகள் உள்ள வீடுகளில் இப்போது மேஜைக்கடியில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறது. படிப்புக்கென்று வாங்கியதுதான், பாதி நேரம் விளையாட்டு. ஆட்டத்தின் நடுவே அது திடீரென்று நின்றுவிட்டால், "ராப்பகலாய் விளையாடினால் கெடாமல் என்ன செய்யும்?" என்பாள் பாட்டி. "கிராபிக்ஸ் கார்டு போச்சு, புதுசு வாங்கணும்" என்பான் பையன். முப்பது நாற்பதாயிரம் ரூபாய்க் காரியம். பணத்தை எடுத்துக்கொண்டு எர்ணாகுளம் பென்டா மேனகாவுக்குப் புறப்படுமுன் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை பல உண்டு.

ரயில்வேயில் நான் சிக்னல் பிரிவில் இருந்தேன். அங்கே பழுது என்றால் முதல் வேலை ஸ்க்ரூடிரைவரை எடுப்பதல்ல, ரிஜிஸ்டரில் எழுதுவது. எத்தனை மணி, என்ன நிலை, மழையா வெயிலா. வந்து வந்து போகும் பழுதைப் பிடிக்க இதைவிட நல்ல கருவி கிடையாது. பையனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து பத்து நாள் எழுதச் சொல்லுங்கள். அப்படியே மின்சாரம் போனதுபோல் அணைந்ததா? நீலத்திரை வந்ததா? ஆட்டம் மட்டும் மூடிக்கொண்டதா? திரை கறுத்து விசிறி மட்டும் அலறியதா? நான்கும் நான்கு வேறு வியாதிகள். விண்டோஸும் தன் பங்குக்கு ஒரு ரிஜிஸ்டர் வைத்திருக்கிறது. ஈவென்ட் வியூவர் என்று பெயர். அதில் 'கெர்னல் பவர் 41' என்று கண்டால் பயப்பட வேண்டாம். ஒழுங்காக மூடாமல் நின்றது என்பதுதான் அதன் பொருள், காரணம் அதில் இல்லை. 'வியா லாகர்' என்ற பெயரில் பிழை பதிவாகியிருந்தால் வன்பொருளைச் சந்தேகிக்க வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இப்படி எழுதியபோது, எல்லாப் பழுதும் மாலை ஏழிலிருந்து பத்துக்குள் என்று தெரிந்தது. கடைக்காரர் கார்டை மாற்றச் சொல்லியிருந்தார். அங்கே குற்றவாளி 600 விஏ யுபிஎஸ். பெட்டியில் 600 என்று போட்டிருந்தாலும் அத்தகைய சிறிய யுபிஎஸ் தருவது சுமார் 360 வாட்தான். சும்மா இருக்கும்போது கம்ப்யூட்டர் நூறு வாட்டுக்குள் அடங்கும். கனமான ஆட்டம் ஓடும்போது நானூறு, ஐந்நூறு வாட் கேட்கும். மாலையில் வோல்டேஜ் இறங்கி யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும் நொடியில் பாரம் தாங்காமல் கை விரித்துவிடும். இரண்டு நாள் நேரே சுவர் பிளக்கில் இணைத்துப் பார்த்தாலே விஷயம் வெளிப்படும். ஆனால் துலாவர்ஷ மாலைகளில் இந்தச் சோதனை வேண்டாம். இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கையே உருவிவிடுங்கள். இன்டர்நெட் கேபிளையும் சேர்த்து.

பெட்டியைத் தொட்டால் விரலில் சுருக்கென்கிறதா? அது கம்ப்யூட்டரின் குற்றமல்ல, எர்த் இல்லை என்பதன் அடையாளம். பவர் சப்ளையில் உள்ள ஃபில்டர் கெபாசிடர்கள் வழியாகச் சிறு கசிவு மின்சாரம் எர்த்துக்குப் போகும். எர்த் அறுந்திருந்தால் தகரப் பெட்டி முழுவதும் 115 வோல்ட் அளவில் மிதக்கும். பழைய அக்ரஹார வீடுகளில் மூன்றாவது பின்னுக்குப் பின்னால் கம்பியே இல்லாததை நானே பார்த்திருக்கிறேன். எலக்ட்ரீஷியனை அழைத்து முதலில் இதைச் சரிசெய்யுங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. பிளக்கை உருவிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

அடுத்தது நம் ஊர் ஈரமும் உப்புக்காற்றும். நினைவகத் தகடுகளின் பொன் பூசிய விளிம்பில் மெல்லிய படலம் படியும். மின்சாரத்தை நிறுத்தி, தகட்டைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மென்மையாகத் துடைத்து, துகள் போக ஊதி, 'டக்' என்று ஒலி கேட்கும்வரை அழுத்திப் பொருத்துங்கள். பாதி நீலத்திரைகள் இதிலேயே போய்விடும் என்பது என் அபிப்பிராயம். போகாவிட்டால் மெம்டெஸ்ட்86 என்ற இலவச சோதனையைப் பென் டிரைவில் ஏற்றி ஓர் இரவு ஓடவிட வேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் தகட்டை ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள். எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பையும் நிறுத்திப் பாருங்கள். கடைக்காரர் அதை இயக்கிக் கொடுத்திருக்கலாம்.

சிக்னல் ரிலேயில் கோளாறு வந்தால் அது விழுந்து சிவப்பு காட்டும்படிதான் அமைத்திருப்பார்கள். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அந்த நாணயம் கிடையாது. தப்பான எண்ணை வைத்துக்கொண்டு மேலே ஓடும். எங்கோ தடுக்கி விழும்போது பழியை வேறொருவர் மேல் போடும். இதற்கு நல்ல உதாரணம் இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை பிராசசர்கள். ஆட்டம் தொடங்கும்போது 'வீடியோ மெமரி போதவில்லை' என்று செய்தி வரும். கார்டின் மேல் எந்தத் தவறும் இல்லை. சுருக்கி வைத்த கோப்புகளை விரிக்கும் கணக்கில் தப்புச் செய்தது பிராசசர்தான். அதற்குத் தேவைக்கு மிஞ்சிய வோல்டேஜ் போய்க்கொண்டிருந்ததை இன்டெல் 2024 ஜூலையில் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் திருத்தம் வெளிவந்தது. வாரண்டியையும் இரண்டு ஆண்டு கூட்டினார்கள். கெட்டுப்போன பிராசசரைத் திருத்தத்தால் குணப்படுத்த முடியாது. மாற்றித்தான் ஆக வேண்டும். இந்தத் தலைமுறை டெஸ்க்டாப் உங்கள் வீட்டில் இருந்தால், மதர்போர்டு நிறுவனம் தந்த புதிய பயாஸ் ஏற்றப்பட்டதா என்று பையனிடம் கேளுங்கள்.

சூட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பிராசசர் 100 டிகிரியை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைக்கும், மீறினால் அணைந்துவிடும். பக்கத்துப் பலகையைக் கழற்றி, மேஜை விசிறியை எதிரே வைத்து ஆடவிடுங்கள். பழுது நின்றால் தூசியும் காய்ந்த தெர்மல் பேஸ்டும்தான் காரணம்.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் கார்டின் மேல் இருந்தால், நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதைப் போட்டு ஒரு மாலை ஓட்டிப் பார்க்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று யாருக்கும் தெரியாது. கடைக்குப் போகும்போது பில்லுடன் அந்த நோட்டையும் கொண்டுபோங்கள்.