விமானத்தில் ஒரு விரிசல்

சட்டையில் சின்னக் கிழிசல் என்றால் 'இன்னும் ரெண்டு நாள் ஓட்டிடலாம்' என்று ஆபீஸுக்குப் போட்டுக்கொண்டு போகிறோம். விமானத்தில் அது நடக்காது சார்!

1988 ஏப்ரல் 28. ஹவாயில் ஹிலோவிலிருந்து ஹோனலூலு கிளம்பியது அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737. ஏறும்போதே ஒரு பெண் பயணி கதவருகே விரிசலைப் பார்த்தார். யாரிடமும் சொல்லவில்லை. (நாம் மட்டும் சொல்லியிருப்போமா? 'அவங்களுக்குத் தெரியாததா!') 24,000 அடி உயரத்தில் கூரை சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது. ஓர் ஏர்ஹோஸ்டஸ் வெளியே வீசப்பட்டார், உடல்கூடக் கிடைக்கவில்லை. மற்ற 94 பேரும் பிழைத்தார்கள்.

விமானத்துக்கு வயது 19. தீவுக்குத் தீவு டவுன் பஸ் மாதிரி 89,680 தடவை பறந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் உள்ளே காற்றழுத்தம் ஏற, உடம்பு பலூன் போல லேசாக விம்மும், இறங்கினால் சுருங்கும். ரிவெட் ஓட்டைகளில் விரிசல் விழாமல் என்ன செய்யும்?

இத்தனைக்கும் 1987-லேயே அமெரிக்க அரசின் எஃப்.ஏ.ஏ. தகட்டு இணைப்புகளைச் சோதிக்க உத்தரவு போட்டிருந்தது. 'ஏர்வொர்த்தினஸ் டைரக்டிவ்' என்பார்கள். மீற முடியாத சட்டம். ஆனால் போயிங் எல்லா இணைப்பையும் பாருங்கள் என்று சிபாரிசு செய்திருக்க, எஃப்.ஏ.ஏ. கட்டாயமாக்கியது மேலே இரண்டே இரண்டை.

கூரை பிளக்க ஆரம்பித்தது, அந்த லிஸ்ட்டில் இல்லாத இன்னொன்றில்.