நல்ல தண்ணீரும் புதுத் தண்ணீரும்

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் மாணவனுக்கு 'ஃபிரெஷ்' என்னும் அடைமொழி எளிய சொல்லாகவே தோன்றும். 'புதிய' என்று பொருள் எழுதிக்கொண்டு மேலே செல்வான். பிறகு 'ஃபிரெஷ் வாட்டர்' என்பதைக் கண்டதும், தாமிரபரணியில் பெருகி வரும் புதுவெள்ளத்தை எண்ணிக்கொள்வான். இடறுவது அங்கேதான். பாபநாசம் அணையில் மாதக்கணக்கில் தேங்கிக் கிடக்கும் நீரும் ஆங்கிலத்தில் 'ஃபிரெஷ் வாட்டர்'தான். உவர்ப்பற்ற நீர் என்பதே அதன் பொருள்.

இத்தகைய சொல்லின் பொருளை அறிய எளிய வழி ஒன்று உண்டு. அவ்விடத்தில் அதற்கு எதிராக நிற்பது யாது என்று கேட்க வேண்டும். மீனுக்கு எதிர் நாட்பட்ட மீன். ஆகவே அன்று பிடித்த மீன். சட்டைக்கு எதிர் அழுக்குச் சட்டை. ஆகவே சலவை செய்த சட்டை. காற்றுக்கு எதிர் அறைக்குள் அடைபட்ட காற்று, ஆகவே வெளிக்காற்று. தண்ணீருக்கு எதிர் கடல்நீர்.

இம்முறை நமக்குப் புதிதன்று. திருச்செந்தூரில் கடலருகே இருந்தும் உப்புக் கரிக்காத நாழிக்கிணற்று நீரை 'நல்ல தண்ணீர்' என்கிறோம். அங்கும் 'நல்ல' என்பதற்கு எதிர் 'உப்பு' என்பதே.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. நம் வழக்கில் 'நல்ல தண்ணீர்' என்றால் பருகலாம் என்ற உறுதியும் உடன் வருகிறது. ஆங்கிலச் சொல்லில் அவ்வுறுதி இல்லை. சாக்கடை கலந்த ஆற்றுநீரையும் அறிவியல் நூல்கள் 'ஃபிரெஷ் வாட்டர்' என்றே வகுக்கும். சொல்லை நம்பிப் பருகியவன் நோயுறுவான். ஆதலின் நேயர்களே, அகராதியின் முதற்பொருளோடு நின்றுவிடாதீர்கள். அடைமொழி எச்சொல்லோடு சேர்ந்து வருகிறது என்பதையும் பாருங்கள்.