கன குவார்க்கின் தடம்

பிரிக்ஃபீல்ட்ஸை ஒட்டிய கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி. ஏறினால் சில நிலையங்களுக்குள் எட்டிவிடக்கூடிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசியத் துகள் இயற்பியல் மையம் இயங்கி வருகிறதென்பதும், ஜெனீவாவுக்கு அருகில் பூமிக்கடியில் சுமார் 100 மீட்டர் ஆழத்தில் நடைபெறும் சி.எம்.எஸ். என்னும் மகத்தான பரிசோதனையில் அம்மையம் பங்குகொண்டிருக்கிறதென்பதும் கிள்ளான் பள்ளத்தாக்கில் வசிக்கும் தமிழர் அறிந்து பெருமிதம் கொள்ளத்தக்க விஷயங்கள். அப்பரிசோதனை ஆராயும் பொருள்களுள் கன குவார்க்குகள் என் மனத்தை விசேஷமாகக் கவர்ந்தவை.

நம் சரீரத்தையும் நாம் மிதிக்கும் மண்ணையும் ஆக்கியுள்ள புரோட்டான்களும் நியூட்ரான்களும் அப், டவுன் என்னும் இரு லேசான குவார்க்குகளால் அமைந்தவை. சார்ம், பாட்டம், டாப் என்னும் கனத்த மூன்றோ, பெருஞ்சக்தியுடன் துகள்கள் மோதுமிடத்தில் ஜனித்து, ஜனித்த க்ஷணத்திலேயே மறைபவை. 1977இல் அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வுக்கூடத்தில் லியோன் லெடர்மன் குழுவினர் கண்ட பாட்டம் குவார்க், புரோட்டானைப் போல் நான்கு மடங்குக்கு மேல் கனமுடையது. 1995இல் அதே கூடத்தில் கண்ட டாப் குவார்க்கோ, ஒற்றைத் துகளாயிருந்தும், ஒரு தங்க அணுவின் கனத்தை நெருங்குகிறது.

இத்தனை அற்பாயுளுள்ள பொருளைக் காண்பது எங்ஙனம்? 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் எதிரெதிராகச் செலுத்தப்படும் புரோட்டான்கள் மோதுகையில் பிறக்கும் பாட்டம் குவார்க், தனித்து நில்லாமல் லேசான குவார்க் ஒன்றைப் பற்றிக்கொண்டு பெரும்பாலும் பி-மீசான் ஆகிறது. விநாடியை லட்சம் கோடிக் கூறுகளாக்கினால் ஒன்றரைக் கூறே அதன் சராசரி ஆயுள் எனினும், ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடுவதாலும், அவ்வேகத்தில் காலம் நீளுமென்ற ஐன்ஸ்டைனின் விதியாலும், சில மில்லிமீட்டர் தூரம் பிரயாணம் செய்த பின்னரே சிதைகிறது. மோதலிடத்துக்கு மிக அண்மையிலுள்ள சிலிக்கான் தகடுகளே சுமார் 3 சென்டிமீட்டர் தள்ளியிருப்பதால், அந்த மீசானை எக்கருவியும் நேரே தொட்டறிவதில்லை. தீபாவளி வாணம் தரையிலிருந்து கிளம்பியதைக் காணத் தவறியவனும், சிதறிய பொறிகளின் பாதைகளைப் பின்னோக்கி நீட்டி அது வெடித்த இடத்தைக் கணித்துவிடலாமன்றோ; அவ்வாறே, சிதைவில் தோன்றிய துகள்களின் தடங்களைப் பின்தொடர்ந்து சென்றால், அவை மோதலிடத்தில் கூடாமல் சற்று விலகிய வேறொரு புள்ளியில் கூடுகின்றன. அந்தச் சிறு இடைவெளியே பாட்டம் குவார்க் இருந்தமைக்குச் சாட்சி. 14,000 டன் எடையுள்ள ஒரு சாதனம் மில்லிமீட்டரின் சிறு பின்னத்தைத் துல்லியமாய் அளப்பதை எண்ண எண்ண எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பாட்டம் குவார்க்கோடு ஸ்ட்ரேஞ்ச் என்னும் வேறொரு குவார்க் கூடிய மீசானானது, எலக்ட்ரானின் கனத்த உறவாகிய மியூவான்கள் இரண்டாகச் சிதைவது 100 கோடியில் மூன்று அல்லது நான்கு முறையே என்பது சித்தாந்தத்தின் கணக்கு; நாமறியாத புதிய துகள் ஏதேனும் குறுக்கிடுமாயின் அவ்வெண் மாறக்கூடும். 2015இல் சி.எம்.எஸ். குழுவும் எல்.எச்.சி.பி. என்னும் மற்றொரு பரிசோதனையின் குழுவும் தத்தம் பதிவுகளை ஒன்றுசேர்த்து அச்சிதைவைக் கண்டறிந்ததாக வெளியிட்டன. எண்ணும் கணக்கோடு ஒத்தது. புதிய துகள் அகப்படவில்லையே என்று வருந்துவதற்கில்லை. அவ்வொப்புமையினாலேயே, அதுகாறும் செல்வாக்குடன் விளங்கிய புதுக்கொள்கைகள் பலவற்றுக்கு இடம் சுருங்கிற்று.